சொன்னவங்கதான் சொல்லணும்

குழந்தைகள் காப்பகத்தின் கயிற்றில் பத்து வளையங்கள். பத்தும் பத்து நிறம். வளையத்துக்கு ஒரு பிள்ளை. முன்னால் கயிற்றின் தலைப்பைப் பிடித்துக்கொண்டு அத்தை நடப்பாள். பின்னால் நுனியைப் பிடித்துக்கொண்டு சமையலக்கா வருவாள். தினமும் காலை பத்தரைக்குக் கேட்டைத் திறந்துகொண்டு இந்த ஊர்வலம் கிளம்பும். இரண்டு தெரு தள்ளியிருக்கும் பூங்காவுக்குப் போய்ச் சேர இருபத்தைந்து நிமிடம் ஆகும். வழியில் ஒரு நாய் படுத்திருந்தால் முப்பது. அந்த நாய் எழுந்து வாலை ஆட்டிவிட்டால் அன்றைக்குப் பூங்கா கிடையாது, நாய்தான்.

அத்தைக்கு அடையாள அட்டையில் ஒரு பெயர் இருந்தது. அதை யாரும் கூப்பிட்டதில்லை. பிள்ளைகளுக்கு அவள் 'கயித்தத்த'. பெற்றோருக்கும் நாளடைவில் அப்படியே ஆகிவிட்டது. கல்யாணம் ஒன்று நடந்து, அது சரிப்பட்டு வராமல், ஒற்றை அறையில் தனியாக இருப்பவள். அந்தக் கதையைக் கேட்டால் "அதை விடுங்க" என்பாள். பிள்ளைகளைப் பற்றிக் கேட்டால் மட்டும் வாய் மூடாது.

வீட்டில் ஒன்றே ஒன்றை வைத்துக்கொண்டு 'ஐயோ முடியல' என்று தலையில் கைவைப்பவர்கள் ஒரு நாள் வந்து பத்தை மேய்த்துப் பார்க்க வேண்டும். எல்லாம் ஒன்றரைக்கு மேல், மூன்றுக்குக் கீழ். நடக்கத் தெரியும், நிற்கத் தெரியாது. ரோடு என்றால் என்னவென்று தெரியாது, ரோட்டில் ஓடும் எல்லாவற்றுக்கும் டாட்டா காட்டத் தெரியும். ஒருத்தியின் மூக்கைத் துடைக்கும் நேரத்தில் இன்னொருவன் சாக்கடை மூடியின் மேல் உட்கார்ந்திருப்பான். இந்தக் கூட்டத்தை அத்தை பதினோரு வருடமாகத் தெருவில் அழைத்துப் போய் அழைத்து வந்தாள். பதினோரு வருடத்தில் ஒரு பிள்ளைக்கு முட்டிகூடச் சிராய்த்ததில்லை. அந்தப் பெருமை அவளுக்கு உண்டு. இருக்க வேண்டியதுதான்.

அதற்கு அவள் கண்டுபிடித்த வழி ஒரு விளையாட்டு. நமக்கெல்லாம் தெரிந்த விளையாட்டுதான். 'ஸ்டாச்சு' என்றால் அசையாமல் நிற்க வேண்டும், 'ரிலீஸ்' என்றால் ஓடலாம். 'ஓடாதே', 'நில்லு', 'ஏய் வண்டி' என்று தொண்டை கிழியக் கத்தினால் எந்தப் பிள்ளை கேட்கிறது? அதையே விளையாட்டாகச் சொன்னால் உயிரைக் கொடுத்து நிற்கும். ஒரு மாதத்தில் பத்தும் பழகிவிட்டன.

பிறகு ஒரு நாள் சிணுங்கி என்கிற பெண், எதிர்க் கட்டட வாட்ச்மேன் "வாம்மா குட்டி" என்று ஆசையாகக் கை நீட்டியதும், ஸ்டாச்சுவையும் மறந்து வளையத்தையும் விட்டுவிட்டு ரோட்டில் இறங்கிவிட்டாள். ஒரு சைக்கிள்காரர் பிரேக் பிடித்ததால் பிழைத்தாள். அன்றைக்கு மூன்று மணி வரை அத்தை அவளை இடுப்பிலிருந்து இறக்கவில்லை. மறுநாளே விளையாட்டை இறுக்கிவிட்டாள்.

"யார் கூப்பிட்டாலும் அசையக் கூடாது. வாட்ச்மேன் மாமா கூப்பிட்டாலும், சமையலக்கா கூப்பிட்டாலும், அம்மா கூப்பிட்டாலும், ம்ஹூம். யாரு ஸ்டாச்சு சொன்னாங்களோ அவங்கதான் ரிலீஸ் சொல்லணும். சொன்னவங்கதான்?"

"சொல்லணும்!" என்று பத்துக் குரல் கத்தும். அதில் நாலுக்கு இன்னும் பேச்சே சரியாக வராது.

சும்மா சொல்லிவிட்டுப் போகவில்லை, சோதித்தும் பார்த்தாள். முற்றத்தில் பத்தையும் ஸ்டாச்சு ஆக்கிவிட்டு, சமையலக்காவை எதிரே நிறுத்தி, கையில் கிரீம் பிஸ்கட் கொடுத்து, "வா, வா, ஓடி வா" என்று கூப்பிடச் சொன்னாள். முதல் நாள் ஏழு பேர் பிஸ்கட்டுக்கு விலைபோனார்கள். ஒரு வாரத்தில் இரண்டு. இரண்டாவது வாரம் ஒருவரும் இல்லை. எச்சில் ஒழுக ஒழுக நின்றார்கள். அத்தை "ரிலீஸ்" என்றதும் ஒரே பாய்ச்சல்.

அதில் ராஜா யார் என்றால் வாலு. மஞ்சள் வளையத்துக்காரன். இரண்டு வருடம் எட்டு மாதம். வாலு என்ற பெயரை வைத்தவள் அவன் அம்மாவேதான், சேர்த்துவிட வந்த அன்றே, "பேர் எழுதிக்குங்க, ஆனா வாலுன்னு கூப்பிட்டாத்தான் திரும்புவான்" என்று சிரித்தாள். மற்ற நேரமெல்லாம் ஒரு நிமிடம் ஓர் இடத்தில் நிற்காதவன், ஸ்டாச்சு என்றால் மட்டும் ஒரு கையைத் தூக்கியபடி, உதட்டை இறுக்கிக்கொண்டு, கண்ணால் சிரித்துக்கொண்டு நிற்பான். ஈ மூக்கில் உட்கார்ந்தாலும் தட்ட மாட்டான். ரிலீஸ் சொன்னதும் முதல் ஆளாக ஓடி வந்து அத்தையின் முழங்காலைக் கட்டிக்கொள்வான். தனக்கென்று எந்தப் பிள்ளையும் இல்லை, எல்லாப் பிள்ளையும் ஒன்றுதான் என்று சொல்லிக்கொள்கிறவள் அத்தை. அது பொய். அவளுக்கு வாலு என்றால் ஒரு படி மேல்தான்.

பெற்றோருக்கும் சொல்லிக்கொடுத்தாள். சாயங்காலம் அழைத்துப்போக வருகிறவர்களை ஒவ்வொருவராக நிறுத்தி, இரண்டு வார்த்தையையும் சொல்லி, அங்கேயே செய்து காட்டி அனுப்பினாள். ஒன்பது வீட்டுக்கு அப்படி ஆயிற்று. பத்தாவது வாலுவின் அம்மா. அவள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள். கடை மூடும் நேரமும் பஸ் வரும் நேரமும் ஒன்றோடு ஒன்று முட்டிக்கொள்ளும், அதனால் எப்போதும் அரக்கப்பரக்கத்தான் வருவாள்.

"ரோட்ல கையை உதறிட்டு ஓடினா பதறாதீங்கம்மா. ஸ்டாச்சுன்னு ஒரு சத்தம் போடுங்க, நட்ட கல்லு மாதிரி நிப்பான்."

"நிஜமாவாக்கா? இவனா?"

"சொல்லித்தான் பாருங்களேன்."

அவள் சொல்லிப் பார்த்தாள். கேட்டை நோக்கி ஓடிக்கொண்டிருந்த வாலு ஒரு கையைத் தூக்கியபடி அப்படியே நின்றான். அம்மாவுக்கு வாயெல்லாம் பல். "அடப்பாவி, வீட்ல தலைகீழா நின்னாலும் கேக்க மாட்டான்க்கா" என்றாள். அதற்குள் தெருமுனையில் பஸ் திரும்பியது. அவள் பிள்ளையை அள்ளி இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினாள்.

"இன்னொண்ணு இருக்கும்மா, மீதியை நாளைக்குச் சொல்றேன்!" என்று அத்தை பின்னால் கத்தினாள்.

மறுநாள் தூங்குமூஞ்சி என்கிற பிள்ளைக்குக் காய்ச்சல். அதற்கு மறுநாள் தண்ணீர்க் குழாய் உடைந்தது. அதற்கப்புறம் வெள்ளிக்கிழமை, சனிக்கிழமை. அத்தை மறந்துவிட்டாள். மறந்தது ஒரு வார்த்தை.

திங்கட்கிழமை காலை ஏழரைக்கு அவள் கேட்டைத் திறக்கும்போது எதிர்க் கட்டட வாட்ச்மேன் ரோட்டைக் கடந்து வந்தார். வழக்கமாக இருந்த இடத்திலிருந்தே கை தூக்குகிறவர்.

"விஷயம் தெரியுமா? உங்க மஞ்சள் வளையத்துப் பையன். நேத்து மதியம் மார்க்கெட் ரோட்ல. சாமான் வேன்."

அத்தை கேட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அங்க கடை வச்சிருக்கவங்க சொல்றாங்க, நடு ரோட்ல நின்னுட்டே இருந்தானாம். அம்மா கத்தி கத்திக் கூப்பிட்டிருக்கு. அக்கம்பக்கத்துக்காரங்களும் வாடா வாடான்னு கத்தியிருக்காங்க. ஒரு அடி நகரலையாம். என்ன விதியோ, போங்க."

விதி இல்லை என்று அத்தைக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. அவன் ஒரு கையைத் தூக்கிக்கொண்டு நின்றானா என்று கேட்க நினைத்தாள். கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும்.

அன்று இறுதி ஊர்வலத்துக்கு மேடமும் சமையலக்காவும் போனார்கள். மேடம் என்றால் காப்பகத்தை நடத்துகிறவர். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒருத்தி வேண்டுமே என்று அத்தை தானாகவே தங்கிக்கொண்டாள். நல்ல சாக்குக் கிடைத்தது. ரோட்டுக்கு அழைத்துப்போவதை மேடம் நிறுத்திவிட்டார். கயிறு சுருண்டு அலமாரிக்கு மேலே போயிற்று. 'ஸ்டாச்சு' என்ற சொல்லை அதற்குப் பிறகு அத்தை உச்சரிக்கவே இல்லை. பிள்ளைகள் தாமாக விளையாடினால் பாட்டுப் போட்டுக் கலைத்துவிட்டாள்.

யாரிடமும் சொல்லவும் இல்லை. சமையலக்கா ஒரு முறை, "உங்களுக்கு என்னமோ ஆயிடுச்சு, சாப்பாட்டைக் கிளறிட்டே உக்காந்திருக்கீங்க" என்றாள். "பிள்ளை போயிடுச்சே" என்றாள் அத்தை. அதுவும் உண்மைதான். உண்மையின் ஒரு பாதியைச் சொல்லி மறு பாதியை விழுங்குவது அவளுக்கு இப்போது கைவந்துவிட்டது. அந்தத் தாயிடம் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் கிளம்புவாள். செருப்பு மாட்டும்போது கால் வராது. சொன்னால் அந்தப் பெண் தாங்குவாளா என்று தன்னையே கேட்டுக்கொள்வாள். உள்ளே இருந்த நிஜமான கேள்வி, நான் தாங்குவேனா என்பதுதான்.

பதினெட்டாம் நாள், காலை பதினோரு மணிக்கு, வாலுவின் அம்மாவே வந்தாள்.

பிள்ளைகள் முற்றத்தில் இருந்தார்கள். ஒன்று உள்ளே தூங்கியது, எட்டு வெளியே. சமையலக்கா கண்வைத்திருந்தாள். வந்தவள் கேட்டைத் தள்ளித் திறந்து, நேராக அத்தையிடம் வந்து, "அவன் சாமானெல்லாம் எடுத்துட்டுப் போறேன்க்கா" என்றாள். கேட்டின் மேல்கொக்கியை மாட்டவில்லை. அதை அத்தையும் கவனிக்கவில்லை. பதினோரு வருடத்தில் முதல்முறையாகக் கவனிக்கவில்லை.

அலமாரி அறை ஒரு ஜன்னல் உள்ள சின்ன அறை. தட்டுக்கு ஒரு பிள்ளையின் சாமான். மஞ்சள் ஒட்டுப்படம் ஒட்டிய தட்டை அத்தை யாருக்கும் கொடுக்கவில்லை. மாற்றுத்துணி இரண்டு செட், தண்ணீர் பாட்டில், ஒரு காது பிய்ந்த துணி முயல், இடது கால் ஷூ ஒன்று. வலது கால் ஷூ எங்கே போயிற்று என்று ஒரு மாதம் தேடினார்கள், கிடைக்கவில்லை. அம்மா ஒவ்வொன்றாக எடுத்து மடித்துப் பையில் வைத்தாள். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் பெட்டியில் வைக்கிறவளின் கை, வேலை சுத்தமாக இருந்தது. எல்லாம் முடிந்த பிறகும் அவள் போகவில்லை.

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். பிள்ளைங்களப் பத்தி உங்களுக்குத்தான் தெரியும்."

"கேளும்மா."

"அன்னிக்குப் பை கிழிஞ்சு ஆரஞ்சுப்பழம் உருண்டுச்சு. எடுக்குறேன்னு அது பின்னாடி ஓடிட்டான். நீங்க சொல்லிக் குடுத்தீங்களே, ஸ்டாச்சுன்னு கத்தினேன். டக்குன்னு நின்னுட்டான்க்கா. ரோட்ல அப்ப ஒரு வண்டி இல்ல. எனக்குப் போன உசுரு திரும்பி வந்துச்சு. நின்னுட்டான்ல, இனி எங்க போயிடப் போறான்னு, குனிஞ்சு காலடியில கெடந்த பழத்தை எடுத்தேன். ரெண்டே ரெண்டு பழம்." அவள் இரண்டு விரலைக் காட்டினாள். "நிமிந்து பாத்தா வேன் திரும்புது. வாடான்னேன். ஓடி வாடா, அம்மாகிட்ட வாடான்னு கத்தினேன். வரல. நானும் ஓடினேன்க்கா. நாலு எட்டுல விட்டுட்டேன்."

அத்தை காலித் தட்டின் மஞ்சள் ஒட்டுப்படத்தை நகத்தால் சுரண்டினாள்.

"அவன் ஏன் வரல?"

பதில் அத்தையின் நாக்கில் இருந்தது. ஒரே ஒரு சொல். "பயந்திருப்பான்ம்மா" என்றாள். "வண்டியைப் பார்த்தா சில பிள்ளைங்க வெறச்சு நின்னுடும்."

"வண்டியை அவன் பாக்கவே இல்லக்கா. என்னைத்தான் பாத்துட்டு நின்னான். சிரிச்சான். பயந்த பிள்ளை சிரிக்குமா?"

"பிள்ளை மனசுல என்ன இருந்துச்சோ, யாரு கண்டா."

"நான் கண்டேன்." அவள் துணி முயலை எடுத்து மறுபடியும் பையிலேயே வைத்தாள். "காலைல அவனை அடிச்சிட்டேன். குளிக்கிற பக்கெட்ல என் போனைப் போட்டுட்டான்னு முதுகுல ஒண்ணு வச்சேன். நல்லா விழுந்துடுச்சு. மத்தியானம் வரைக்கும் என் பக்கத்துலயே வரல. அதான். அந்தக் கோவம். நீ அடிச்சேல்ல, போ, வர மாட்டேன்னு சிரிச்சிருக்கான். நான் கூப்பிட்டு என் பிள்ளை வரல. வீட்ல அவங்கப்பா ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருந்தா அதைச் சொல்லியாவது அழுதிருப்பேன்."

இந்தப் பெண் பதினெட்டு நாளாக எதைச் சுமந்துகொண்டிருக்கிறாள்! அதை இறக்கிவைக்க ஒரு சொல் போதும். அந்த ஒரு சொல்லைச் சொன்னால், இறக்கிவைத்த இடத்தில் இன்னொன்றை ஏற்றிவைக்க வேண்டும். அத்தை வாயைத் திறந்தாள். "அப்படியெல்லாம் இருக்காதும்மா" என்றுதான் வந்தது. தன் குரலே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

அந்த நேரத்தில் ஜன்னல் வழியாகக் கேட் ஆடுவதைப் பார்த்தாள்.

சமையலக்கா குழாயடியில் ஒருத்தியின் மூக்கைக் கழுவிக்கொண்டிருந்தாள். உருண்டை என்கிற பையன் கேட்டைத் தள்ளி, ஒரு காலை வெளியே வைத்துவிட்டான். வெளியே ரோட்டில் ஏதோ வண்டிச் சத்தம். அறையிலிருந்து கேட் இருபது எட்டு. ஓடினால் ஆகாது. யோசிக்கவும் நேரம் இல்லை. பதினோரு வருடப் பழக்கம் அவளைக் கேட்காமலேயே கத்தியது.

"ஸ்டாச்சு!"

முற்றம் நின்றது. எட்டுப் பிள்ளைகளும் இருந்தபடி இருந்தார்கள். ஒருத்தி வழுக்குப்பலகையின் பாதியில் கையை ஊன்றிக்கொண்டு. ஒருவன் பந்தை உதைக்கத் தூக்கிய காலை இறக்காமல். மூக்கு கழுவிக்கொண்டிருந்த பெண் முகத்தில் தண்ணீர் சொட்ட. உருண்டை கேட்டுக்கு வெளியே ஒரு கால், உள்ளே ஒரு கால், கன்னத்தை உப்பிக்கொண்டு. பதினெட்டு நாள் கழித்து விளையாட்டு திரும்பி வந்த சந்தோஷம் எட்டு முகத்திலும் வழிந்தது.

வாலுவின் அம்மாதான் முதலில் ஓடினாள். ரோட்டுப் பக்கம் போய்க் குறுக்கே நின்றுகொண்டு, உருண்டையின் எதிரில் மண்டியிட்டு இரண்டு கையையும் நீட்டினாள்.

"வா கண்ணு. ஆன்ட்டி தூக்கிக்கிறேன், வா."

உருண்டை வரவில்லை.

"வாடா செல்லம். வண்டி வரும், வாடா."

உருண்டை அவளைப் பார்த்துச் சிரித்தான். உதட்டை இறுக்கிக்கொண்டு, கண்ணால். அவள் நீட்டிய கை நீட்டியபடி இருந்தது. அந்தச் சிரிப்பை அவள் ஏற்கனவே ஒரு முறை பார்த்திருக்கிறாள்.

மெதுவாகத் திரும்பி அத்தையைப் பார்த்தாள். "அக்கா. இவன் ஏன் வர மாட்டேங்குறான்?"

அத்தை வாசற்படியில் நின்றாள். ஒரு சொல்லைச் சொல்லிவிட்டால் எட்டுப் பிள்ளைகளும் ஓடுவார்கள். அந்தச் சொல்லைச் சொன்னால் வேறெதையும் சொல்ல வேண்டியதில்லை, எல்லாம் சொன்னதாகிவிடும். சொல்லாமல் போனால்? பிள்ளைகள் நிற்பார்கள். எவ்வளவு நேரமானாலும் நிற்பார்கள், அவள் அப்படித்தான் பழக்கியிருக்கிறாள். பந்துக்காரனின் தூக்கிய கால் நடுங்க ஆரம்பித்தது. இறக்கவில்லை.

சிணுங்கிக்கு மட்டும் எப்போதும் வாய் நிற்காது. உடம்பை அசைக்காமல், பல்லைக் கடித்தபடி, "கயித்தத்த, லீசு சொல்லு. காலு வலிக்குது" என்றாள்.

"என்ன சொல்றா அவ?" என்றாள் வாலுவின் அம்மா. "என்ன சொல்லணும்?"

"ரிலீஸ்" என்றாள் அத்தை.

அவ்வளவுதான். எட்டும் கத்திக்கொண்டு ஓடி வந்தன. உருண்டை, எதிரே நீட்டியிருந்த கைகளுக்குள்ளேயே போய் விழுந்தான். அவள் அவனைத் தூக்கி உள்ளே விட்டு, கேட்டைச் சாத்தி, உயரத்தில் இருந்த கொக்கியை மாட்டினாள். பிறகு அதன் மேலேயே கையை வைத்துக்கொண்டு முதுகைக் காட்டியபடி நின்றாள்.

"அதைச் சொன்னாத்தான் வருவாங்களா?"

"ஆமாம்மா."

"வேற யாரு கூப்பிட்டாலும்?"

"வர மாட்டாங்க. நான்தான் பழக்கினேன். அம்மா கூப்பிட்டாலும் வரக் கூடாதுன்னு. ஸ்டாச்சு யாரு சொன்னாங்களோ அவங்கதான் ரிலீஸ் சொல்லணும்."

"அப்ப நான் சொல்லியிருக்கணும்."

"ஆமா."

"மத்த அம்மாங்களுக்கெல்லாம் தெரியுமா?"

"தெரியும். உங்களுக்குச் சொல்ல வந்தேன், பஸ் வந்துடுச்சு. நாளைக்குச் சொல்றேன்னேன். மறந்துட்டேன்." அத்தை மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கிற அளவுக்குச் சின்ன விஷயமாக அது அவளுக்குத் தோன்றவில்லை. "பதினெட்டு நாளா தெரியும் எனக்கு. இப்பக்கூடப் பொய்தான் சொன்னேன்."

வாலுவின் அம்மா திரும்பினாள். "அப்ப அது கோவம் இல்லையா?"

"கோவமே இல்லம்மா. சத்தியமா இல்ல. விளையாடிட்டிருந்தான். நீங்க சொல்லுவீங்கன்னு பாத்துட்டே நின்னிருக்கான். அவன் மாதிரி யாரும் நிக்க மாட்டாங்க."

ஒரு கணம் அந்த முகம் தெளிந்தது. உண்மையாகவே தெளிந்தது, தாய்க்குரிய முகம் திரும்ப வந்தது. என் பிள்ளைக்கு என் மேல் கோபம் இல்லை. அவன் எனக்காகத்தான் நின்றான். பிறகு இரண்டாவது வந்தது. அவன் எனக்காகத்தான் நின்றான். அவள் கேட்டோடு சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பிள்ளைகள் சுற்றி வந்து வேடிக்கை பார்த்தார்கள். உருண்டை அவள் பையைத் திறந்து துணி முயலை எடுத்து, "வாலுது" என்றான். பிறகு அதைத் திருப்பி வைத்தான். சமையலக்கா வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அவர்களைக் குழாயடிக்கு ஓட்டிக்கொண்டு போனாள்.

தரையில் உட்கார்ந்தபடியே வாலுவின் அம்மா கேட்டாள். "நான் சொல்லியிருந்தா வந்திருப்பானா?"

இங்கே ஒரு பொய் சொல்லியிருக்கலாம். வேன் வந்த வேகத்துக்கு யார் என்ன சொன்னாலும் நடந்திருக்காது என்று சொல்லியிருக்கலாம். கேட்கிறவள் அதற்காகத்தான் கேட்டாளோ என்னவோ. ஆனால் பொய் சொல்லிச் சொல்லி அத்தையிடம் எதுவும் மிச்சம் இல்லை. அந்தப் பிள்ளையைக் குறைத்துச் சொல்லவும் மனம் வரவில்லை.

"வந்திருப்பான்ம்மா" என்றாள். "எப்பவும் அவன்தான் முதல்ல ஓடி வருவான்."

வாலுவின் அம்மா தலையை ஆட்டினாள். எழுந்து சேலையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டுப் பையைத் தோளில் மாட்டினாள். கேட்டின் கொக்கியை எடுத்தாள். பிறகு எதையோ விட்டுவிட்டதுபோல் முற்றத்தின் நடுவரை திரும்பி வந்து, அத்தையின் எதிரில் நின்றாள். அவள் முகத்தில் கோபம் இருந்திருந்தால் அத்தை அதற்குத் தயாராகத்தான் இருந்தாள். கை ஓங்கினால் கன்னத்தைக் காட்டியிருப்பாள். முகத்தில் ஒன்றுமே இல்லை.

குழாயடியில் இருக்கும் பிள்ளைகளின் காதில் விழாத அளவுக்கு மெதுவாக, அவள் சொன்னாள்.

"ஸ்டாச்சு."

சொல்லிவிட்டு வெளியே போய், கேட்டைச் சாத்தி, கம்பி வழியாகக் கையை விட்டுக் கொக்கியை மாட்டினாள். மாட்டிக்கொண்டதா என்று இரண்டு முறை ஆட்டிப் பார்த்தாள். பிறகு நடந்து போனாள்.

அத்தை நின்ற இடத்திலேயே நின்றாள். வெயில் காலடிக்கு வந்தது. உள்ளே தூங்கிய பிள்ளை எழுந்து அழுதது, சமையலக்கா போய்த் தூக்கினாள். "உள்ள வாங்களேன்" என்று அங்கிருந்தே கூப்பிட்டாள். அத்தை வரவில்லை.

ஈரமுகத்தோடு சிணுங்கி வந்தாள். அத்தையைச் சுற்றி ஒரு முறை நடந்தாள். அத்தை அழுகிறாள் என்று அவளுக்குப் புரியவில்லை, நன்றாக விளையாடுகிறாள் என்று நினைத்தாள். புடவையைப் பிடித்து இழுத்து, "லீசு" என்றாள். ஒன்றும் நடக்கவில்லை. "லீசு. கயித்தத்த, லீசு!"

பிறகு அவளுக்கே ஞாபகம் வந்தது.

"யாரு சொன்னா உனக்கு?" என்று கேட்டாள். "சொன்னவங்கதான் சொல்லணும்."

சிணுங்கி கேட்டுக்கு ஓடிப் போய், கம்பிக்கு நடுவில் முகத்தைப் பதித்துத் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். தெருவில் யாரும் இல்லை.